‘அண்ணே, ஃபைலைக் காணோம்!’ – தரவு மையத்தில் கோப்புகள் மறைவது ஏன்?

பின்னிரவு 2 மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் வந்தது. “அண்ணே, நேத்து ராத்திரி ஓடி முடிஞ்ச வேலையோட ஃபைல் ஒன்னுகூட இல்ல. ஃபோல்டர் காலியா இருக்கு. திரும்ப ஓட விடவா?”

அனுப்பியவர் ஜொகூரில் ஒரு தரவு மையத்தில் இரவுப் பணிக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆன தம்பி. “எதையும் தொடாதே. எந்தக் கணினியிலிருந்து பார்க்கிறாய் என்று முதலில் சொல்” என்று பதில் போட்டேன். அதற்குள் அவர் வேலையைத் திரும்ப ஓட விட்டிருந்தார்.

கூலாய், செடெனாக், இஸ்கந்தர் புத்திரி வட்டாரங்களில் எழும்பியிருக்கும் தரவு மையங்களில் இன்று நம் பிள்ளைகளும் வேலை செய்கிறார்கள். சிங்கப்பூர் 2019-இல் புதிய தரவு மையங்களுக்கு அனுமதி கொடுப்பதை நிறுத்தி வைத்த பிறகு, பாலத்துக்கு இந்தப் பக்கம் கட்டுமானம் சூடு பிடித்தது. கூலாயில் பூஸ்டெட் நிறுவனத்தின் செம்பனைத் தோட்டமாக இருந்த கூலாய் யங் தோட்டத்து நிலத்தில்தான் ஒய்டிஎல் குழுமம் 500 மெகாவாட் தரவு மையப் பூங்காவை அமைத்தது. என்விடியாவோடு சேர்ந்து செயற்கை நுண்ணறிவுக் கணினிகளை அங்கே நிறுவும் திட்டம் 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. ஒரு காலத்தில் விடியலில் பெரட்டு எடுத்த மண்ணில் இப்போது இரவெல்லாம் கணினிகள் ஓடுகின்றன.

இந்த இடங்களில் ‘கோப்பைக் காணோம்’ என்பது சாதாரணப் புகார். உண்மையிலேயே அழிந்துபோன கோப்பு அதில் மிகக் குறைவு. ஆனால் அழிந்துவிட்டது என்று நினைத்துப் பதற்றத்தில் செய்யும் காரியம்தான் பல நேரங்களில் நல்ல கோப்பையும் கெடுத்துவிடுகிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வேலையில் இருக்கும் பிள்ளைகளுக்கும், அந்த வேலைக்குப் போகப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் உதவும்.

வீட்டுக் கணினியில் ஒரு டிஸ்க் இருக்கும். கோப்பு அதில் இருக்கும், அல்லது இருக்காது, அவ்வளவுதான். நூற்றுக்கணக்கான கணினிகள் ஒரே நேரத்தில் ஒரே கோப்புகளைப் படித்து எழுதும் இடத்தில் இது போதாது. அங்கே வைத்திருப்பது ‘பேரலல் ஃபைல் சிஸ்டம்’. அது நடப்பது ஏறக்குறைய பழைய தோட்டத்து ஆபீசும் ஸ்டோரும் நடந்த மாதிரிதான். கிராணியார் கையில் பேரேடு இருக்கும். எந்தப் பெயரில் என்ன சரக்கு, யாருடையது, எந்த ஸ்டோரில் என்பதெல்லாம் அதில் உண்டு. சரக்கு ஸ்டோரில் இருக்கும். இங்கே பேரேட்டை வைத்திருப்பது மெட்டாடேட்டா சர்வர். ஸ்டோர்கள் என்பவை டிஸ்க்குகள் நிறைந்த தனித்தனி சர்வர்கள். ஒரு பெரிய கோப்பைத் துண்டு துண்டாக்கிப் பல ஸ்டோர்களில் வைத்திருப்பார்கள். அப்போதுதான் எல்லா வாசலிலிருந்தும் ஒரே நேரத்தில் வேகமாக எடுக்க முடியும்.

இவற்றில் அதிகம் கேள்விப்படும் இரண்டு பெயர்கள் லஸ்டர், ஜிபிஎஃப்எஸ். லினக்ஸ், கிளஸ்டர் என்ற இரண்டு சொற்களையும் ஒட்டி வைத்த பெயர்தான் லஸ்டர். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பிராம் 1999-இல் தொடங்கிய ஆய்விலிருந்து அது வளர்ந்தது. ஜிபிஎஃப்எஸ் 1998-இல் ஐபிஎம் வெளியிட்டது. இப்போது அதற்கு ஸ்டோரேஜ் ஸ்கேல் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள்.

ஆக, ஒரு கோப்பு உங்கள் கண்ணில் பட வேண்டுமானால் உங்கள் கணினி, பேரேடு, ஸ்டோர், நடுவில் ஓடும் நெட்வொர்க் என்று நான்கும் ஒழுங்காக இருக்க வேண்டும். ஒன்று சுணங்கினாலும் திரையில் வருவது ‘காணோம்’ என்ற ஒரே பதில்தான். எது சுணங்கியது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

எந்தக் கணினியிலிருந்து பார்க்கிறீர்கள்?

தம்பியின் கதைக்கு வருகிறேன். அவர் பார்த்துக்கொண்டிருந்த கணினி (இத்துறையில் ‘நோடு’ என்பார்கள்) அன்று மாலை ஏதோ காரணத்துக்காக அணைத்துப் போடப்பட்டிருந்தது. போட்டபோது லஸ்டர் மவுண்ட் ஆகவில்லை. மவுண்ட் என்பது, எங்கோ இருக்கும் அந்தப் பெரிய கிடங்கை இந்தக் கணினியில் உள்ள ஒரு ஃபோல்டரின் மேல் பொருத்துவது. பொருத்தாத நேரத்திலும் அந்த ஃபோல்டர் இருக்கும், வெறுமையாக. கணினி எந்தப் பிழையும் காட்டாது. பார்ப்பவர் காலி ஃபோல்டரைப் பார்த்துவிட்டு எல்லாம் போச்சு என்று தலையில் கை வைப்பார்.

பக்கத்து நோடிலிருந்து அதே ஃபோல்டரைப் பார்க்கச் சொன்னேன். முதல் நாள் ஓடிய வேலையின் கோப்புகள் அத்தனையும் வரிசையாக இருந்தன.

இதில் சிக்கல் என்னவென்றால், அவர் திரும்ப ஓட விட்ட வேலை அந்தக் காலி ஃபோல்டரில் எழுதிக்கொண்டிருந்தது. அதாவது கிடங்கில் எழுதாமல், அந்தக் கணினியின் சொந்த டிஸ்க்கில். 20 நிமிடத்தில் டிஸ்க் நிரம்பும் நிலைக்கு வந்துவிட்டது. லஸ்டரை மவுண்ட் செய்ததும் பழைய கோப்புகள் தெரிந்தன. புதிதாக எழுதியவை மறைந்தன. பணத்தைத் தரையில் வைத்துவிட்டு மேலே பாயை விரித்தால் பணம் எங்கேயும் போகாது, கண்ணுக்குத்தான் தெரியாது. அது மாதிரி. இடத்தை அடைத்துக்கொண்டு டிஸ்க்கில் கிடக்கும், ஆனால் எந்த ஃபோல்டரிலும் காட்டாது. கணினியின் வேர் ஃபோல்டரை ‘பைண்ட் மவுண்ட்’ முறையில் இன்னோர் இடத்தில் திறந்துதான் அடியில் கிடந்ததை எடுத்தோம்.

இதைப் பார்க்க ஒரு கட்டளை போதும். ‘டிஎஃப்’ கட்டளையோடு அந்த ஃபோல்டரின் முழு முகவரியையும் கொடுங்கள். பல பெட்டாபைட் என்று காட்ட வேண்டிய இடத்தில் சில நூறு ஜிகாபைட் என்று வந்தால், நீங்கள் பார்ப்பது கிடங்கு இல்லை. ஜிபிஎஃப்எஸ் என்றால் ‘எம்எம்கெட்ஸ்டேட்’ கட்டளை அந்த நோடு கூட்டத்தில் சேர்ந்திருக்கிறதா என்று சொல்லும். ‘எம்எம்எல்எஸ்மவுண்ட்’ எந்தெந்த நோடில் மவுண்ட் ஆகியிருக்கிறது என்று சொல்லும். நெட்வொர்க் சிறிது நேரம் அறுந்தால்கூட ஜிபிஎஃப்எஸ் ஒரு நோடைக் கூட்டத்திலிருந்து விலக்கிவிடும். அப்போது ‘ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்’ என்ற பிழை வரும். அதைக் கண்டால் கோப்பைத் தேடாதீர்கள், நோடைத் தேடுங்கள்.

நிர்வாகிகளுக்கு ஒரு வார்த்தை. மவுண்ட் செய்யாத நேரத்தில், அந்தக் காலி ஃபோல்டருக்கு ‘சாட்டர்’ கட்டளையால் மாற்ற முடியாத பூட்டைப் போட்டு வையுங்கள். அதன் பிறகு மவுண்ட் இல்லாத நேரத்தில் அங்கே யாரும், ரூட்டே ஆனாலும், எழுத முடியாது. வேலை உடனே பிழையோடு நிற்கும். சத்தமில்லாமல் தப்பான இடத்தில் எழுதுவதைவிட அது எவ்வளவோ மேல்.

யார் பார்க்கிறீர்கள்?

அடுத்த வகை, ஒருவருக்குத் தெரியும், இன்னொருவருக்குத் தெரியாது. இங்கே முதலில் பார்க்க வேண்டியது அனுமதி. கோப்புக்குப் படிக்கும் அனுமதி இருந்தால் மட்டும் போதாது. அதற்கு மேலே உள்ள ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் நுழையும் அனுமதி வேண்டும். வழியில் ஒரு கதவு பூட்டியிருந்தாலும் உள்ளே போக முடியாது. இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான்.

பலருக்குத் தெரியாத ஒன்று லஸ்டரில் இருக்கிறது. புதிதாக ஒரு மாணவரை ஆய்வுக் குழுவில் சேர்க்கிறீர்கள். அவர் வெளியேறி மீண்டும் உள்நுழைந்து ‘ஐடி’ கட்டளை கொடுத்தால் புதுக் குழுவின் பெயர் தெளிவாகக் காட்டுகிறது. ஆனாலும் குழுவின் ஃபோல்டரைத் திறந்தால் அனுமதி இல்லை என்று வருகிறது. காரணம், வழக்கமான அமைப்பில் அவர் எந்தெந்தக் குழுவில் இருக்கிறார் என்பதை முடிவு செய்வது அவருடைய கணினி இல்லை, மெட்டாடேட்டா சர்வர். கிராணியார் தன் பேரேட்டைப் பார்த்துத்தான் பேசுவார். நீங்கள் கையில் கொண்டுபோகும் சீட்டை நம்பமாட்டார். அந்த சர்வர் பழைய பதிலை நினைவில் வைத்துக்கொள்ளும் நேரம், மாற்றாமல் விட்டால், 1,200 விநாடி. அதாவது 20 நிமிடம். காத்திருந்தால் தானே சரியாகும். அவசரமென்றால் நிர்வாகி அந்த நினைவை அழித்துவிடலாம். 20 நிமிடம் கழித்தும் சரியாகவில்லை என்றால், மெட்டாடேட்டா சர்வர் பயனர் பட்டியலோடு இணைக்கப்படவே இல்லை என்று சந்தேகப்படலாம். இதற்குப் பயந்து ஃபோல்டரை எல்லாருக்கும் திறந்துவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அது பூட்டு திறக்கவில்லை என்று கதவைக் கழற்றி வைப்பதற்குச் சமம்.

எப்போது பார்க்கிறீர்கள்?

ஒரு நோடு எழுதி முடித்ததும் இன்னொரு நோடு உடனே படிக்க வேண்டும். படிக்கப் போனால் கோப்பு இல்லை என்கிறது. அரை நிமிடம் கழித்துப் பார்த்தால் இருக்கிறது. புரோகிராம் எழுதியவர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

லஸ்டரும் ஜிபிஎஃப்எஸ்ஸும் பூட்டு முறையில் இயங்குபவை. ஒருவர் எழுதினால் மற்றவர்கள் வைத்திருக்கும் பழைய நகல் செல்லாது என்று உடனே அறிவித்துவிடும். அதனால் நேரடியாக இணைந்த நோடுகளுக்கு இடையே இந்தச் சிக்கல் வருவது அரிது. ஆனால் அலுவலகக் கணினிகளுக்கு அதே கிடங்கை என்எஃப்எஸ் வழியாகத் திறந்துவிட்டிருப்பார்கள். என்எஃப்எஸ் தான் பார்த்ததைச் சிறிது நேரம் நினைவில் வைத்துக்கொண்டு அதையே திரும்பச் சொல்லும். வழக்கமான அமைப்பில் கோப்புக்கு 3 முதல் 60 விநாடி, ஃபோல்டருக்கு 30 முதல் 60 விநாடி. ‘இருக்கிறது’ என்பதைப் போலவே ‘இல்லை’ என்பதையும் அது நினைவில் வைத்துக்கொள்ளும். ஒரு முறை அவசரப்பட்டுக் கேட்டுவிட்டால், அடுத்த சில நொடிகளுக்கு இல்லை இல்லை என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

வழி எளிது. எழுதும்போது தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதாக எழுதி மூடிய பின் சரியான பெயருக்கு மாற்றுங்கள். படிக்கும் பக்கம், ஒரு முறை இல்லை என்றதும் செத்துவிடாமல், சற்று விட்டு மீண்டும் பார்க்கும்படி எழுதுங்கள். கோப்பு இருக்கிறது, அளவு மட்டும் சைபர் என்று காட்டினால் அது வேறு கதை. பெரும்பாலும் புரோகிராம் தன் கையிலேயே தரவை வைத்துக்கொண்டு இன்னும் இறக்கவில்லை என்று அர்த்தம். அதற்குக் கிடங்கைக் குற்றம் சொல்ல முடியாது.

பெயர் தெரிகிறது, திறந்தால் அசையவில்லை என்றால் ஸ்டோர் ஒன்று படுத்திருக்கலாம். லஸ்டரில் வெறும் பெயர்ப் பட்டியல் பேரேட்டிலிருந்து வரும், ஆனால் கோப்பின் சரியான அளவை ஸ்டோர்களிடம்தான் கேட்க வேண்டும். அதனால் ‘எல்எஸ்’ உடனே பதில் சொல்லும், அளவோடு கேட்கும் நீண்ட பட்டியல் தொங்கி நிற்கும், அல்லது கேள்விக்குறிகளாகக் காட்டும். ‘எல்எஃப்எஸ் டிஎஃப்’ கொடுத்தால் எந்த ஸ்டோர் செயலிழந்திருக்கிறது என்று தெரியும். ‘எல்எஃப்எஸ் கெட்ஸ்டிரைப்’ உங்கள் கோப்பின் துண்டுகள் எந்தெந்த ஸ்டோரில் என்று காட்டும். இரண்டும் ஒத்துப்போனால் விஷயம் முடிந்தது; ஸ்டோர் திரும்பியதும் கோப்பும் திரும்பும். அதுவரை கோப்பு கெட்டுவிட்டது என்று நீக்கிவிடாதீர்கள். ஒரே ஃபோல்டரில் பல இலட்சம் கோப்புகளைக் கொட்டி வைத்திருந்தாலும் இதே மாதிரி தொங்கும். அது கோளாறு அல்ல, கூட்டம்.

தமிழில் பெயர் வைத்தால்

இனி சொல்லப்போவது தமிழில் பெயர் வைக்கும் நம்மவர்களுக்கு வரும் சிக்கல். எந்தக் கையேட்டிலும் எளிதில் கிடைக்காது. ‘ஜொகூர் அறிக்கை’ என்று ஒரு கோப்பு. பட்டியலில் கண்ணெதிரே தெரிகிறது. அதே பெயரைத் தட்டித் திறந்தால், அப்படி ஒரு கோப்பு இல்லை என்கிறது. ஒரே ஃபோல்டரில் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி தெரியும் இரண்டு கோப்புகள் இருப்பதும் உண்டு.

‘ஜொ’ என்ற எழுத்தைப் பாருங்கள். அதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக எழுதலாம். கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஆனால் முதல் முறைக்கு 3 பைட்டு, இரண்டாவது முறைக்கு 6 பைட்டு. லினக்ஸ் எழுத்தைப் பார்க்காது, பைட்டைத்தான் ஒப்பிடும். லஸ்டரும் அப்படியே. அதனால் அவை இரண்டும் வேறு வேறு பெயர்கள். ‘கோப்பு’ என்ற சொல்லிலேயே இந்தப் பிரச்சினை உட்கார்ந்திருக்கிறது. ஒ, ஓ, ஔ ஏறிய உயிர்மெய் எல்லாவற்றுக்கும் இதே நிலைதான்.

இது எங்கிருந்து வருகிறது? ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்பு முறையான எச்எஃப்எஸ் பிளஸ், பெயர்களைப் பிரித்த வடிவத்தில்தான் சேமிக்கும். அங்கே வைத்த கோப்புகளை அப்படியே லினக்ஸ் கிளஸ்டருக்கு நகலெடுத்தால், பெயர்களும் பிரித்த வடிவத்திலேயே வந்து சேரும். இங்கே விசைப்பலகையில் தட்டினால் சேர்ந்த வடிவம் வரும். ஒத்துப்போகாது. சில விசைப்பலகை மென்பொருள்களே கொம்பையும் காலையும் தனித்தனியாக இறக்குவதுண்டு.

சந்தேகம் வந்தால் பெயரை ‘ஹெக்ஸ்டம்ப்’ வழியாகப் பைட்டுகளாகப் பாருங்கள். உடனடித் தேவைக்கு, ‘எல்எஸ்’ கட்டளையில் ‘ஐ’ விருப்பத்தைச் சேர்த்தால் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு எண் வரும். அந்த எண்ணைக் கொண்டு ‘ஃபைண்ட்’ மூலம் கோப்பைப் பிடித்துப் பெயரை மாற்றலாம். மொத்தமாகத் திருத்த ‘கான்வ்எம்வி’ என்ற கருவி இருக்கிறது. பிரித்த வடிவங்களை எல்லாம் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிவிடும். மாற்றுவதற்கு முன், ஒரே மாதிரி தெரியும் இரண்டில் எது புதியது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்காகத் தமிழில் பெயர் வைக்காதே என்று சொல்லமாட்டேன். முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் பிறந்த நாட்டில் இருந்துகொண்டு அப்படிச் சொல்வது வெட்கக்கேடு. ஒரு குழுவில் எல்லாரும் ஒரே வடிவத்தைப் பயன்படுத்தினால் போதும். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: லஸ்டரில் ஒரு பெயர் 255 பைட்டுக்குள் அடங்க வேண்டும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு என்பதால் 85 குறிகளுக்கு மேல் போகாது. அறிக்கையின் முழுத் தலைப்பையே பெயராக வைப்பவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள்.

உண்மையிலேயே அழிந்தபோது

எல்லாம் பார்த்தும் கிடைக்கவில்லையா? பல மையங்களில் ‘ஸ்கிராட்ச்’ பகுதியில் குறிப்பிட்ட நாள் தொடாமல் கிடக்கும் கோப்புகள் தானாக நீக்கப்படும். உங்கள் இடத்தின் விதியைப் படித்துப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால், உண்மையிலேயே ஏதோ நடந்திருக்கலாம்.

ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் அப்படித்தான் நடந்தது. 2021 டிசம்பர் 14 முதல் 16 வரை, அங்குள்ள சூப்பர் கம்ப்யூட்டரின் லஸ்டர் கிடங்கிலிருந்து ஏறக்குறைய 77 டெராபைட் ஆய்வுத் தரவு அழிந்தது. சுமார் 3 கோடியே 40 இலட்சம் கோப்புகள். 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அதில் 4 குழுக்களின் தரவை மீட்கவே முடியவில்லை. கணினியை வழங்கிய எச்பிஇ நிறுவனம் முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டது.

டிஸ்க் பழுதாகவில்லை, வெளியிலிருந்து யாரும் புகவுமில்லை. காப்புப் பிரதி எடுக்கும் ஸ்கிரிப்டில் ஒரு பகுதி, 10 நாளுக்கு மேலான பதிவுக் கோப்புகளை நீக்கும் வேலையைச் செய்துவந்தது. அந்த ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் திருத்திய புதிய ஸ்கிரிப்டை எழுதிவிட்டார்கள். பேஷ் ஷெல் ஒரு ஸ்கிரிப்டை முழுதாகப் படித்துவிட்டு ஓடாது. படிக்கப் படிக்க ஓடும். பாதி ஓடிய நிலையில் புதிய ஸ்கிரிப்டின் நடுவிலிருந்து படிக்கத் தொடங்கியது. எந்த ஃபோல்டரில் நீக்க வேண்டும் என்று சொல்லும் மாறிக்கு மதிப்பே இல்லை. பதிவுக் கோப்புகளுக்குப் பதிலாக ஆய்வாளர்களின் கோப்புகள் போயின. அந்த நீக்கம் மூன்று நாள் தொட்டு நடந்தது.

அதனால் பல பேருடைய கோப்புகள் ஒரே நேரத்தில் குறைந்துகொண்டே வருவதாகத் தெரிந்தால், காரணம் தேடுவதற்கு முன் செய்ய வேண்டியது, தானாக ஓடும் துப்புரவு வேலைகளையும் காப்புப் பிரதி வேலைகளையும் நிறுத்துவதுதான். காப்புப் பிரதி ஓடிக்கொண்டிருந்தால், இல்லாமல்போன கோப்பு அங்கேயும் இல்லாமல் ஆகிவிடும்.

உதவி கேட்கும்போது ‘ஃபைலைக் காணோம்’ என்று மட்டும் எழுதினால், பதில் சொல்பவர் கேள்வி கேட்டே அரை மணி நேரம் போய்விடும். நோடின் பெயர், கோப்பின் முழு முகவரி, உங்கள் பயனர் பெயர், கடைசியாக எப்போது பார்த்தீர்கள், திரையில் வந்த வாசகம் அப்படியே, இன்னொரு நோடிலிருந்து பார்த்தால் என்ன வருகிறது – இவ்வளவும் முதல் தகவலிலேயே இருக்கட்டும்.

அந்தத் தம்பியிடமிருந்து சென்ற மாதம் இன்னொரு தகவல் வந்தது. இந்த முறையும் பின்னிரவுதான். நோடின் பெயர், முகவரி, நேரம், டிஎஃப் காட்டிய அளவு, பக்கத்து நோடில் தெரிந்த பட்டியல் எல்லாம் போட்டு, கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: “எதையும் தொடல அண்ணே. ஸ்டோர் ஒன்னு படுத்திருக்குன்னு நினைக்கிறேன். சரியா?”

சரிதான்.